முதல் வாடகை வீடு: காலி மாதமும் கசியும் தண்ணீரும்

சிறிய வாடகை வீடு வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்பவர்களுக்குப் பெரும்பாலும் மோசடியோ வழக்கோ காரணமாக இருப்பதில்லை. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் மாதங்களும், சுவருக்குள் சத்தமில்லாமல் ஊறும் தண்ணீரும்தான் லாபத்தை அரிக்கின்றன. இரண்டுமே வீட்டை வாங்கிய பிறகு திடீரென்று முளைப்பவை அல்ல. எந்த வீட்டை, எந்த விலைக்கு வாங்குகிறோம் என்பதிலேயே அவற்றில் பாதி முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி, வீட்டை எப்படி நடத்துகிறோம் என்பதில் இருக்கிறது. ஒன்று அல்லது இரண்டு வீட்டோடு தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். வீட்டின் விலை 2,00,000, மாத வாடகை 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 வருகிறது, அதாவது விலையில் 6 சதவீதம். விற்பவர் சொல்லும் கணக்கு இங்கே நின்றுவிடும். வாங்குபவர் இதற்கு மேல்தான் தொடங்க வேண்டும்.

பதிவுச் செலவு, வழக்கறிஞர் கட்டணம், தரகு, ஆள் குடிவரும் முன் செய்ய வேண்டிய பழுது வேலைகள் எல்லாம் சேர்ந்து 20,000 ஆகிறது என்றால், நீங்கள் உண்மையில் போட்ட பணம் 2,20,000. இனி வரவில் கழிக்க வேண்டியதைப் பார்ப்போம். சராசரியாக ஆண்டுக்கு ஒரு மாதம் காலி என்று வைத்தால் 1,000. சொத்து வரி, காப்பீடு, அடுக்குமாடியாக இருந்தால் சங்கக் கட்டணம், இவை 1,300. ஆள் மாறும்போது ஆகும் தரகு, சுத்தம் செய்யும் கூலி ஆகியவற்றின் ஆண்டுப் பங்கு 600. பராமரிப்பு 1,200. மொத்தம் 4,100 போக, கையில் நிற்பது 7,900. அதை 2,20,000 ஆல் வகுத்தால் 3.6 சதவீதம். 6 என்று சொல்லி விற்ற வீடு தருவது இவ்வளவுதான்.

பராமரிப்புக்கு 1,200 என்பதைக் குத்துமதிப்பாகப் போடக்கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஆயுள் உண்டு. செலவை ஆயுளால் வகுத்துவிட வேண்டும். வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்க 1,600 ஆகும், 4 ஆண்டு தாங்கும் என்றால் ஆண்டுக்கு 400. மொட்டை மாடியில் நீர்க்காப்புப் பூச்சுக்கு 2,400, 8 ஆண்டு என்றால் 300. தண்ணீர் மோட்டாருக்கு 400, 8 ஆண்டு என்றால் 50. வாட்டர் ஹீட்டருக்கு 300, 10 ஆண்டு என்றால் 30. குழாய் வாஷர், பூட்டு, ஸ்விட்ச், அடைப்பு எடுப்பது போன்ற சில்லறைச் செலவுகளுக்கு 420. கூட்டினால் 1,200 வருகிறது. நீங்கள் வாங்கப் போகும் வீட்டுக்கு உள்ளூர் விலைகளைப் போட்டு இதே பட்டியலை எழுதுங்கள். மூன்று ஆண்டு எதுவுமே செலவாகாமல், நான்காம் ஆண்டில் 4,000 ஒரே அடியாகக் கேட்கும் வீடுதான் இயல்பான வீடு. அந்த மூன்று ஆண்டுப் பணத்தை லாபம் என்று எடுத்துச் செலவழித்தவர், நான்காம் ஆண்டில் கடன் வாங்குவார்.

கடன் போட்டு வாங்கினால் கணக்கு இன்னும் இறுகும். விலையில் 70 சதவீதம், அதாவது 1,40,000 கடன், வட்டி 9 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,260. ஆண்டுக்கு 15,100-க்கும் மேல். வீடு தருவதோ 7,900. மாதம் 600 உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். வட்டி 10 சதவீதம் ஆனால் தவணை 1,350-ஐத் தாண்டும். இந்த வீட்டின் நிகர வருமானம் தானே சுமக்கக்கூடிய கடன், 9 சதவீத வட்டியில், சுமார் 73,000 மட்டும். அதாவது விலையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்று யாராவது சொன்னால், எந்த வாடகை, எந்தக் கழிவுக்குப் பிறகு என்று கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. அதே 20 ஆண்டுக் கடனில், 9 சதவீத வட்டிக்கு, முதல் 5 ஆண்டு தவறாமல் கட்டிய பிறகும் அசலில் 11 சதவீதம்தான் குறைந்திருக்கும். தொடக்கத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுவதுதான் காரணம். ஆகவே, நான்கு ஆண்டில் விற்றுவிடலாம் என்ற நினைப்போடு கடனில் வாங்குபவர், விலையேற்றம் ஒன்றை மட்டுமே நம்பி நிற்கிறார். அது முதலீடாக இருக்கலாம். வாடகைத் தொழில் அல்ல.

மாதா மாதம் கையிலிருந்து போட வேண்டிய வீட்டை வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். எவ்வளவு போட வேண்டியிருக்கும் என்று தெரிந்து, அந்தத் தொகை ஆறு மாதம் வேலை இல்லாவிட்டாலும் தாங்கும் என்றால் வாங்கலாம். வாங்கிய அன்றே, வீட்டின் ஆறு மாதச் செலவும் தவணையும் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அது இல்லாமல் இருப்பதையெல்லாம் துடைத்துப் பத்திரப்பதிவுக்குப் போகிறவர், முதல் மோட்டார் பழுதிலேயே குடியிருப்பவரோடு சண்டையில் நிற்பார்.

வாடகை எவ்வளவு கிடைக்கும் என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். விளம்பரத்தில் வருவதும் கேட்கும் வாடகைதான். கொடுக்கும் வாடகை அல்ல. அதே தெருவில் அண்மையில் குடிவந்த மூன்று பேரிடம் கேட்டாலே உண்மை தெரிந்துவிடும். அதைவிட முக்கியமான கேள்வி, காலியான வீடு எத்தனை நாளில் நிரம்புகிறது என்பது. ஒரே மாதிரி வீடுகள் நாலைந்து, மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கும் தெருவில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். வேலை இடம், பள்ளி, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சுமாரான வீடு, எட்டாத இடத்தில் இருக்கும் அழகான வீட்டைவிடச் சீக்கிரம் நிரம்பும். வாடகைக்குப் பார்க்கும் வீட்டை நாம் குடியிருக்கும் வீடுபோல ரசித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஒரே பணத்துக்கு ஒரு பெரிய வீடா, இரண்டு சிறிய வீடா என்றால், தொடங்குபவருக்கு என் ஓட்டு இரண்டு சிறியவற்றுக்கே. ஒன்று காலியானாலும் பாதி வரவு நிற்கும். ஆனால் சிறிய வீட்டில் ஆள் அடிக்கடி மாறுவார்; பெயிண்டும் தரகும் அதிகமாகும். அந்தக் கூடுதல் செலவை முதலிலேயே கணக்கில் ஏற்றிவிட வேண்டும்.

வீட்டைப் பார்க்கும்போது தண்ணீரைத் தேடுங்கள்

வீட்டைப் பார்க்கச் சிறந்த நாள், நல்ல மழை பெய்த மறுநாள். மழைக்காலம் இல்லையென்றால் பழைய தடங்களைத் தேட வேண்டும். மேல்மாடிக் கூரையில் தேநீர் நிறத்தில் வட்ட வட்டமாகக் கறை, சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து உதிரும் பூச்சு, ஜன்னலின் கீழ் மூலைகளில் பெயிண்ட் உப்பல், குளியலறைச் சுவருக்குப் பின்பக்கம் இருக்கும் அறையில் ஓதம். வீடு முழுக்கப் பழைய பெயிண்ட், ஒரே ஒரு சுவர் மட்டும் புதிது என்றால் அந்தச் சுவரின் முன்னால் நின்று கேள்வி கேளுங்கள்.

சந்தேகப்படும் இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக ஒட்டிவிடுங்கள். ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தாளின் உட்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம், நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்குக் காற்றோட்டம் கொடுத்தால் போதும். இரண்டுக்கும் ஆகும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு.

மாடிவீட்டுக் குளியலறையை, விற்பவர் சம்மதத்தோடு, வடிகால் துளையை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழே கூரையில் ஈரம் தெரிந்தால் டைல்ஸுக்கு அடியில் நீர்க்காப்பு போய்விட்டது. டைல்ஸ் இடுக்கில் கிரவுட் பூசினால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. கிரவுட் நீரைத் தடுக்கும் பொருள் அல்ல. டைல்ஸைப் பெயர்த்து, அடியில் நீர்க்காப்பு செய்து, மறுபடி பதிக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

மொட்டை மாடிக்கு ஏறாமல் வீடு வாங்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். வடிகாலை நோக்கிக் குறைந்தது 100-க்கு 1 வாட்டம் வேண்டும். அதாவது 10 அடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். அது இல்லாமல் தேங்கும் இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சு அடித்தாலும் சில ஆண்டில் மறுபடி ஒழுகும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையையும், குழாய்கள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தளத்தின் நடுவில் அல்ல.

கூரை கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறதென்றால் நின்று யோசிக்க வேண்டும். கம்பியில் துரு பிடித்தால் அது இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் வெடித்து விழுகிறது. மேலே சிமென்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு தொடரும். ஒரே இடம் என்றால் துருவைச் சுரண்டி, கம்பிக்குக் காப்பு அடித்து, உரிய கலவையால் நிரப்பிச் சரிசெய்யலாம். பல அறைகளில் இருந்தால் கட்டடப் பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சுவர் வெடிப்பிலும் இதே முறைதான். பூச்சில் தலைமுடி போல ஓடும் கீறல்கள் பொதுவாகக் கவலைக்குரியவை அல்ல. கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிப்படியாக ஏறி, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற வெடிப்பு, அடித்தளம் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். கதவு சட்டத்தில் மாட்டிக்கொள்கிறதா என்றும் திறந்து மூடிப் பாருங்கள்.

மறைந்த கசிவைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் மீட்டரே போதும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தொட்டி நிரம்பி நின்ற பிறகு, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அரைமணி கழித்து எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஃபிளஷ் தொட்டியில் சில துளி உணவு நிறம் விட்டு, இழுக்காமல் 20 நிமிடம் காத்திருந்தால், கழிப்பறைக் கிண்ணத்தில் நிறம் இறங்குகிறதா என்று தெரியும். இறங்கினால் அடி ரப்பரை மாற்றினால் போதும். சின்ன விஷயம்தான் என்று விடாதீர்கள். நொடிக்கு ஒரு துளி, துளிக்குக் கால் மில்லி என்று வைத்தாலே நாளுக்கு 21 லிட்டருக்கு மேல் போகிறது.

மின்சாரத்தில் மூன்றை மட்டும் பாருங்கள். எர்த் இருக்கிறதா, வாட்டர் ஹீட்டர், ஏசி போன்றவற்றுக்குத் தனித்தனி வயரும், சுமை கூடினால் தானே விழும் எம்சிபி ஸ்விட்சும் இருக்கிறதா, மின்கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா. அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். இதில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது. ஈரக்கையோடு ஹீட்டர் ஸ்விட்சைத் தொடப்போவது உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு குடும்பம்.

அடுக்குமாடி என்றால் உங்கள் கதவுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதுதான் செலவு வைக்கும். சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டு வரவுசெலவையும் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். சேமிப்பு நிதி எவ்வளவு, கட்டணம் கட்டாதவர்கள் எத்தனை பேர், லிஃப்ட் மாற்றுவது, மாடிக்கு நீர்க்காப்பு செய்வது போன்ற பெரிய வேலை பேசப்படுகிறதா, விற்பவர் பாக்கி வைத்திருக்கிறாரா. நிதி காலியாகவும் லிஃப்ட் பழசாகவும் இருந்தால், வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தவணையில் கேட்கும் நாள் தூரத்தில் இல்லை.

பத்திரம், வில்லங்கம், கட்டட அனுமதி, வரி பாக்கி ஆகியவற்றைப் பார்க்க உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரை அமர்த்துங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் வழக்கறிஞர் வேண்டாம். வீட்டை வாடகைக்கு விடச் சட்டமும் சங்க விதியும் இடம் தருகின்றனவா என்றும் அவரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்கினால்

"முதல் மாதமே வாடகை வரும்" என்பது உண்மையான வசதி. ஆனால் குடியிருப்பவர் கொடுத்த முன்பணம் எங்கே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது விற்பவரிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டியதோ நாளை நீங்கள். ஆகவே அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும், அல்லது பதிவு நாளில் உங்கள் கணக்குக்கு மாற்ற வேண்டும்.

அதோடு குடியிருப்பவரிடமிருந்தே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். வாடகை எவ்வளவு, எந்த மாதம் வரை கட்டியாகிவிட்டது, முன்பணம் எவ்வளவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, வீட்டில் எந்தப் பொருள் அவருடையது, பழைய உரிமையாளர் வாய்மொழியாக ஏதாவது ஒப்புக்கொண்டிருக்கிறாரா. வாடகை 1,000 என்று விற்பவர் சொல்லி, குடியிருப்பவர் 850 என்று எழுதிக் கொடுத்தால், உங்கள் கணக்கு முழுவதும் மாறிவிடும். இந்தத் தாளைக் கேட்க விற்பவர் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கும்.

வாடகையை வைப்பதும் ஆளைத் தேர்ந்தெடுப்பதும்

அந்தத் தெருவின் வாடகை 950. நீங்கள் 1,000 கேட்டு ஒரு மாதம் காத்திருந்து ஆள் பிடிக்கிறீர்கள். இழந்தது 950, மாதம் கூடுதலாக வருவது 50. ஈடுகட்ட 19 மாதம் ஆகும். அதற்குள் அவர் காலி செய்துவிட்டால் நஷ்டம்தான். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தவர் வாடகைக்காக வீட்டைப் பூட்டி வைக்கமாட்டார். பத்து நாளில் பத்துப் பேர் வந்து பார்த்தும் ஒருவரும் பேசாவிட்டால் வீட்டில் ஏதோ குறை, அல்லது வாடகை கூடுதல். யாரும் பார்க்கவே வரவில்லை என்றால் வாடகை கூடுதல் என்பதில் சந்தேகமே வேண்டாம், அல்லது விளம்பரப் படங்கள் இருட்டாக இருக்கின்றன.

ஆள் மாறும் ஒவ்வொரு முறையும், காலி நாள், தரகு, சுத்தம், பெயிண்ட் எல்லாம் சேர்ந்து இரண்டு மாத வாடகை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் மாறினால் வாடகையில் 17 சதவீதம் அதற்கே போய்விடும். நான்கு ஆண்டு இருப்பவரால் 4 சதவீதம்தான் போகும். நல்ல குடியிருப்பவரைத் தக்கவைப்பதைவிட லாபமான வேலை இந்தத் தொழிலில் எதுவும் இல்லை. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, ஒப்பந்தத்தில் எழுதியபடி, சிறு அளவில் வாடகையை ஏற்றுங்கள். நான்கு ஆண்டு ஏற்றாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக 25 சதவீதம் கேட்டால், நியாயமான தொகையாக இருந்தாலும் அவர் வேறு வீடு பார்க்கத் தொடங்குவார்.

தேர்ந்தெடுக்கும்போது, நிலையான வருமானத்துக்கு ஆதாரம் பாருங்கள். வாடகை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள். அதிலும், இப்போதைய வீட்டுக்காரரைவிட அதற்கு முந்தையவர் சொல்வதையே நம்பலாம். தொந்தரவு தரும் ஆளை அனுப்ப நினைப்பவர் புகழ்ந்து தள்ளுவார். கேட்க வேண்டியது மூன்றே: வாடகை நேரத்துக்கு வந்ததா, வீட்டை எந்த நிலையில் விட்டுப் போனார், மறுபடி அவருக்கே கொடுப்பீர்களா. எல்லோரிடமும் ஒரே அளவுகோலை வையுங்கள். பிறப்பையும் மதத்தையும் பார்த்து வீடு மறுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம், எங்கும் அநியாயம். தொழிலாகப் பார்த்தாலும், வீட்டை நன்றாக வைத்துக்கொள்வாரா, பணம் கட்டுவாரா என்பதைப் பற்றி அது எதையுமே சொல்வதில்லை.

ஒப்பந்தம் உள்ளூர்ச் சட்டத்துக்குப் பொருந்தும்படி எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை, கட்ட வேண்டிய தேதி, முன்பணம், காலி செய்ய எத்தனை நாள் அறிவிப்பு, மின்சாரமும் தண்ணீரும் யார் கணக்கு, எந்தப் பழுது யார் பொறுப்பு, வீட்டுக்காரர் எத்தனை மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட்டு உள்ளே வரலாம், உள்வாடகைக்கு விடலாமா. முன்பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். அது உங்கள் பணம் அல்ல.

சாவி கொடுக்கும் நாளில் அறை அறையாகப் படமும் வீடியோவும் எடுத்து, அன்றே இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கூரை, தரை, ஒவ்வொரு சுவர், அலமாரிக்குள், சிங்க்குக்கு அடியில், மீட்டர் எண்கள், சாவிகளின் எண்ணிக்கை. பொருள் பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அவரை அழைத்துப் போய் மெயின் வால்வையும் மெயின் ஸ்விட்சையும் காட்டி, அவர் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லுங்கள். நள்ளிரவில் குழாய் வெடித்தால், நீங்கள் வந்து சேர்வதற்குள் வீட்டைக் காப்பாற்றப் போவது இந்த ஐந்து நிமிடம்தான்.

நடத்தும் காலத்தில்

வாடகை வராத மாதத்தில் கோபம் வேண்டாம், தாமதமும் வேண்டாம். கெடு கடந்து மூன்றாம் நாள் ஒரு செய்தி, ஏழாம் நாள் நேரில் அல்லது தொலைபேசியில் பேச்சு, பிறகு எழுத்தில் அறிவிப்பு. பாதிப் பணம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, மீதி எந்தத் தேதியில் என்று எழுதி உறுதி செய்யுங்கள். இரண்டாம் மாதமும் பாக்கி என்றால் சட்டப்படியான வழியை அன்றே தொடங்குங்கள். தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டை மாற்றுவது எதையும் செய்யக் கூடாது. பல நாடுகளில் அது குற்றம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கில் தோற்க வைப்பது இதுதான்.

பழுது என்று சொன்னால் வரிசை இப்படி இருக்கட்டும்: தண்ணீர்க் கசிவு, மின்கசிவு, உடைந்த வெளிக்கதவுப் பூட்டு, கழிப்பறை அடைப்பு ஆகியவை அன்றைக்கே. குழாய் சொட்டு, விசிறி ஓடாதது வாரத்துக்குள். மற்றவை மாதத்துக்குள். செய்கிறேன் என்று சொன்ன நாளில் செய்யுங்கள். பழுதைச் சொன்னால் வீட்டுக்காரர் எரிந்து விழுவார் என்று பயப்படும் குடியிருப்பவர், சிங்க்குக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பற்றி வாயே திறக்கமாட்டார். ஆறு மாதம் கழித்து அலமாரிப் பலகை உப்பி, பின்சுவர் உதிர்ந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள்.

மழைக்கு முன் மொட்டை மாடியைக் கூட்டி, வடிகால் வாயில் அடைந்த இலையை எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, போய்ப் பாருங்கள். அலங்காரத்தைப் பார்க்கத் தேவையில்லை. சிங்க்கின் அடி, குளியலறை மூலைகள், மேல்மாடிக் கூரை, தொட்டியின் மிதவை வால்வு, ஆர்சிசிபி பொத்தான் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். எல்லா வீட்டிலும் ஒரே பெயிண்ட் நிறம், ஒரே வகைக் குழாய், ஒரே வகைப் பூட்டு போடுங்கள். பெயிண்டின் நிற எண்ணைக் குறித்து வையுங்கள். டைல்ஸ் பதிக்கும்போது பத்துத் துண்டு மிச்சம் வையுங்கள். சில ஆண்டுக்குப் பிறகு அதே வகை கடையில் கிடைக்காது.

காப்பீட்டில் ஒரு பொறி உண்டு. சொந்தமாகக் குடியிருப்பவருக்கான பாலிசி, வாடகைக்கு விட்டபின் பல நிறுவனங்களில் செல்லாமல் போகலாம். குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் வீடு காலியாக இருந்தால் பாதுகாப்பு குறையும் என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் இருக்கும். வாடகை விவரத்தைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

காலி செய்யும்போது

அவர் அறிவிப்பு கொடுத்த நாளிலேயே அடுத்த ஆளுக்கான வேலையைத் தொடங்க வேண்டும். சாவி கைக்கு வந்த பிறகு அல்ல. காலி செய்ய இரண்டு வாரம் இருக்கும்போது ஒருமுறை சேர்ந்து பார்த்து, எதெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று அவருக்குப் பட்டியல் கொடுங்கள். பெயிண்டரையும் பிளம்பரையும் காலியாகும் மறுநாளுக்குச் சொல்லி வையுங்கள். இந்த ஏற்பாட்டால் மூன்று வாரம் பூட்டிக் கிடக்கும் வீடு ஐந்து நாளில் தயாராகிவிடும்.

முன்பணத்தில் கழிப்பதில்தான் பெரும்பாலான மனக்கசப்பு வருகிறது. புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல: மங்கிய பெயிண்ட், தளர்ந்த கதவுக் கீல், நடந்து தேய்ந்த தரை. உடைந்த வாஷ்பேசின், சுவரில் பெரிய துளை, காணாமல் போன சாவி இவை சேதம். சேதத்திலும் முழுத் தொகையைப் பிடிக்கக் கூடாது. 4 ஆண்டு ஆயுளுள்ள பெயிண்ட்டை மூன்றாம் ஆண்டு முடிவில் கெடுத்திருந்தால், மீதமிருந்தது ஓர் ஆண்டு. ஆகவே 1,600-இல் கால் பங்கு, 400 மட்டுமே கேட்கலாம். ரசீதோடு, படத்தோடு, எழுத்தில் கணக்குக் கொடுத்து, மீதியைச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் திருப்பிவிடுங்கள். முறையாகப் பணம் வாங்கிக்கொண்டு போனவர், தனக்குத் தெரிந்த ஒருவரை உங்கள் அடுத்த வீட்டுக்கு அனுப்பி வைப்பது அடிக்கடி நடக்கும். அந்த ஆளுக்குத் தரகும் கிடையாது, காலி மாதமும் கிடையாது.

இரண்டாவது வீடு எப்போது என்று கேட்பவர்களுக்கு: முதல் வீட்டை வாங்கும் முன் எழுதிய பட்டியலை எடுத்து, இரண்டு ஆண்டு உண்மையான வரவுசெலவை அதன் பக்கத்தில் வரிக்கு வரி எழுதிப் பாருங்கள். காலி நாளும் பராமரிப்பும் எதிர்பார்த்ததைத் தாண்டவில்லை, ஆறு மாத நிதி தொடப்படாமல் அல்லது மறுபடி நிரம்பி இருக்கிறது என்றால் தரகருக்குப் போன் செய்யலாம். தாண்டியிருந்தால், எந்த வரியில் தாண்டியது என்று பாருங்கள். மாடியில் இன்னும் ஒழுகுகிறதென்றால் அந்தப் பணம் முதலில் அங்கே போகட்டும்.